ஒன்பது படிகளுக்குப் பின்னால்

சுண்டலை வாங்கியிருக்கக் கூடாது. வாங்கியது முதல் தப்பு, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது இரண்டாவது தப்பு, உப்பு சரியாக இருக்கிறதா என்று வீட்டுக்கார அம்மா கேட்டபோது பிரமாதம் என்று சொன்னது மூன்றாவது தப்பு. இனி எந்த வாயால் கேட்பது, அம்மா, இந்தக் கொலுவை நகர்த்த வேண்டும், பின்னால் இருக்கிற சுவரை நான் பார்க்க வேண்டும் என்று? அதே வாயில் பச்சைப்பயறு இருக்கிறது, தேங்காய்த் துருவல் பல்லிடுக்கில் மாட்டியிருக்கிறது. வைத்த கொலுவை நடுவில் தொடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் கொலு கிடையாது, தெருவில் இருந்தது, ஒரு பொம்மையின் தலையாடுகிறதா என்று தொட்டுப் பார்த்ததற்கு முதுகில் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு ஐந்தாம் நாள், புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு. திங்கட்கிழமைதான் கொலு முடியும். மூன்று கிழமைகளையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கிறேன், எப்படி அடுக்கினாலும் வெள்ளி திங்களுக்கு முன்னால்தான் வந்து நிற்கிறது. வீடு வாங்கப் போகிறவர்களுக்காக அந்த வீட்டுக்கு முன்கூட்டியே போய், தட்டி, தடவி, மோந்து பார்த்து, எது நன்றாக இருக்கிறது எது பழுது என்று எழுதிக் கொடுக்கிற வேலை என்னுடையது. தணிகாசலம், டிப்ளமா சிவில் என்று கார்டு அடித்து வைத்திருக்கிறேன். பதினொரு வருஷம். நாய் கட்டிய பின்கட்டு, சாவி தொலைந்த அறை, மாமியார் படுத்திருக்கும் கட்டிலுக்கு அடியில், எல்லா இடத்திலும் எப்படியோ சமாளித்து எட்டிப் பார்த்திருக்கிறேன். பொம்மைகளிடம் மாட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஒன்பது படி, வெள்ளை வேட்டி விரித்து, என் தலைக்கு மேலும் ஒரு முழம் போகிறது. தராசு பிடித்த செட்டியார் என்னையே பார்க்கிறார். கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரருக்குக் கை உடைந்து ஒட்டியிருக்கிறது, ஒட்டியது பசை, வெள்ளையாகப் பிதுங்கியிருக்கிறது, பார் புத்தி எங்கே போகிறது, பொம்மையிலும் விரிசல்தான் கண்ணில் படுகிறது. விரிசலைத்தான் அரை மணி நேரத்துக்கு முன்னால் மொட்டை மாடியில் பார்த்தேன். எண்பத்து நாலில் கட்டிய வீடு, மூலைத் தூணின் மேல் கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி. நிரம்பினால் தண்ணீர் மட்டும் இரண்டு டன். தொட்டியின் அடியில் பென்சில் கோடு மாதிரி தொடங்குகிற விரிசல், கைப்பிடிச் சுவரில் இறங்கும்போது ஒரு நாணயத்தைச் செருகலாம் என்கிற அகலம் ஆகிறது, கூடவே துருக்கறை ஒழுகியிருக்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதினால்தான் அப்படி வெடிக்கும். வெளியிலிருந்து தூணைப் பார்க்கலாம் என்றால் பக்கத்து வீட்டைச் சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள், வில்லிவாக்கத்தில் இந்தத் தெரு முழுக்க அப்படித்தான், கை நுழையாது. அடி வைத்து அளந்துகொண்டே படி இறங்கி வந்தேன். பதினாலு அடி கிழக்கே, ஒன்பது அடி தெற்கே. அளவு வந்து நின்ற இடத்தில் செட்டியார் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் அந்தத் தூண் நிற்கிறது, அது எந்த நிலையில் நிற்கிறது என்பது இந்த உலகத்தில் இப்போது யாருக்கும் தெரியாது, அல்லது கொலுவை இங்கே வைத்த ஒருவருக்குத் தெரியும், அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். ஜெபராணி ஸ்டாஃப் நர்ஸ். வீடு வாங்கப் போகிறவர் அவர்தான். இரண்டு பெண் பிள்ளைகள், ஒன்பது வயசு, ஆறு வயசு. வீட்டை முதலில் காட்ட என்னைக் கூட்டி வந்த அன்றைக்கு இங்கே வெறும் சோபாதான் இருந்தது, நான் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விட்டேன், அவர் உள்ளே வந்து இந்த மூலையைக் காட்டி, "இங்கதான் சார் பிள்ளைங்களுக்குக் கட்டில் போடப்போறேன், ஜன்னல் காத்து நேரா வருது பாருங்க" என்றார். அன்றைக்கே உள்ளே வந்திருக்கலாம். வந்திருந்தால் சுவரும் இருந்தது, சுண்டலும் இல்லை.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது, அதற்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. நன்று, பழுது, பார்க்க இயலவில்லை. மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக். காரணம்: கொலு. யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது, நாளைக்கே வீடு இடிந்து விழுந்தாலும் படிவத்தைக் காட்டிவிட்டு வந்துவிடலாம். என் தொழிலில் சிலர் இந்தக் கட்டத்தை மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறார்கள், பரண் பார்க்க இயலவில்லை, தொட்டி மூடி திறக்க இயலவில்லை, அலமாரிக்குப் பின்னால் இயலவில்லை, எல்லாம் இயலவில்லை, ஏன் ஐயா அந்த வீட்டுக்குப் போனாய். ஆனால் எழுதுவது தப்பில்லை, பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுவதுதான் நாணயம், அது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் எழுதுவதில் இல்லை, படிக்கிறவர்களிடம் இருக்கிறது. போன வருஷம் ஒருவருக்கு அப்படி எழுதிக் கொடுத்தபோது, "ஒண்ணும் தப்பாப் பாக்கலைன்னுதானே சார் போட்டிருக்கீங்க?" என்று சந்தோஷமாகக் கேட்டார். ஜெபராணி இதை வார்டில் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் போனில் படிப்பார். மற்ற முப்பது இடத்தில் நன்று, தொட்டி விரிசல் பழுது, அதைப் பூசிக்கொள்ளலாம், ஒரே இடத்தில் பார்க்க இயலவில்லை, கொலுதானே, பாவம் சாமி காரியம் என்று நினைத்துக்கொள்வார். அவர் வேதக்காரர், மற்றவர் சாமி விஷயத்தில் இன்னும் கூச்சப்படுவார். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவார். பிறகு ஜன்னல் காற்றில் இரண்டு பிள்ளைகள் தூங்கும், தலைக்கு மேலே இரண்டு டன். என்னால் இதற்கு மேல் சுண்டல் விழுங்க முடியவில்லை, வைக்கவும் இடமில்லை, தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழிக்கிறேன்.

திருநின்றவூரில் இளநீர். அங்கே சுண்டல் இல்லை, இளநீர். ஆறு வருஷம் ஆகிறது. வீட்டை விற்றவர் தானே மரத்தில் பறிக்க வைத்து, தானே சீவி, வழுக்கையை இளநீர் மட்டைச் சில்லால் சுரண்டிக் கொடுத்தார், அவ்வளவு நல்ல மனுஷன். குளியலறைக்கு மேலே இருந்த பரணில் கழுத்து வரைக்கும் பித்தளைப் பாத்திரம், பெட்டி, மெத்தை. "அதுல ஒண்ணுமில்ல சார், எங்கம்மா சீர்ப் பாத்திரம், இறக்கணும்னா நாலு ஆள் வேணும்" என்றார். கையில் இளநீர். வழுக்கை நாக்கில். நான் படிவத்தில் நன்று என்று டிக் போட்டேன். பார்க்க இயலவில்லை என்றுகூடப் போடவில்லை, அதைப் போட்டால் அவர் மனசு கஷ்டப்படுமே என்று நன்று போட்டேன். யாருக்காவது இப்படி ஒரு காரணம் தோன்றுமா, எனக்குத் தோன்றியது. மூன்று மாதம் கழித்து, வாங்கியவர் மனைவி அமுதவல்லி குளித்துவிட்டு வெளியே வரும்போது பரணின் அடிப்பூச்சும் கான்கிரீட்டும் பெயர்ந்து வலது தோளில் விழுந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை. கை தோளுக்கு மேலே தூக்க வராது. அந்த வழியாக வந்தேன் என்று பொய் சொல்லி ஒரு தடவை பார்க்கப் போனேன், இடது கையால் டீ கொண்டுவந்து கொடுத்து, "இடது கைன்னு தப்பா நெனைக்காதீங்க அண்ணே" என்றார். புருஷன் அவருக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் போய் நின்றுவிட்டேன் போல, பாதி பின்னல் அப்படியே தொங்கியது. அவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பார்த்தேன் என்று நம்பினார்கள், பார்த்த பிறகும் இப்படி ஆகிவிட்டதே, விதி என்றார்கள். அந்த நம்பிக்கையைப் போல என்னை அடித்தது எதுவும் இல்லை. அன்றிலிருந்து போகிற வீட்டில் தண்ணீர்கூடக் கேட்க மாட்டேன், பாட்டில் கொண்டுபோவேன். இன்றைக்கு ஏன் வாங்கினேன்? கொலுவுக்கு வந்தவங்க சும்மா போகக்கூடாது என்று அந்த அம்மா சொன்னார், நான் கொலுவுக்கு வரவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

புனிதவதி அம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்து எதிரே உட்காருகிறார். அறுபத்தேழு வயசு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், கணவர் போய்ப் பல வருஷம், வீட்டில் தனியாக இருக்கிறார். "பாட்டு வருமா தம்பி?" "ஐயோ, இல்லம்மா." "நாலு வரி பாடுங்க, கொலு முன்னால பாடினா குரல் நல்லா ஆயிடும்." கட்டடம் பார்க்க வந்தவனைப் பாடச் சொல்கிற வீடு. நான் சிரித்து மழுப்புகிறேன். அவர் படிகளைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், பார்த்தால் தாங்கவில்லை, முகம் அப்படி மலர்ந்திருக்கிறது. "எல்லா வருஷமும் அஞ்சு படிதாங்க. அதுவும் அதோ, அந்த எதிர்ச் சுவர்ல. இந்த வருஷம்தான் ஒன்பது. எம்பையன் சிவபாலன் பூனாவுலேர்ந்து வந்தான். பதினொரு வருஷமா தீபாவளிக்கே வராதவன், கொலுவுக்கு வந்தான்னா பாருங்க. அவனே ஸ்டீல் படி வாங்கி, அவனே போல்ட்டு முடுக்கி, அதுக்கு முன்னாடி இந்தச் சுவருக்கு மட்டும் பூச்சு பூசி பெயிண்ட்டும் அடிச்சான். கொலு வெக்கிற சுவர் பளிச்சுனு இருக்கணும்மான்னான். ரெண்டு நாள், தம்பி, ஒரு வாய் காபி குடிக்க நேரமில்லாம வேலை செஞ்சுட்டுப் போனான், வெள்ளிக்கிழமை பதிவுக்குத் திரும்ப வர்றான். பதிவு முடிஞ்சதும் என்னையும் கூட்டிட்டுப் போறான், இனிமே அங்கதான்." எதிர்ச் சுவரை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். மாலை கட்டுகிற ஆணிகள் அங்கே இருக்கின்றன, சீரியல் லைட் மாட்டுகிற பிளக் அங்கே இருக்கிறது, அங்கிருந்து ஒயரை ஹால் குறுக்கே இழுத்துக் கம்பளத்துக்கு அடியில் விட்டிருக்கிறார்கள். வந்ததும் ஒயர் காலில் தட்டியது, அப்போதே ஏன் என்று கேட்டது மனசு. பூச்சு, பெயிண்ட், ஒன்பது படி, வெள்ளிக்கிழமை பதிவு. "வெள்ளிக்கிழமைதான்னு யாரும்மா முடிவு பண்ணினது?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். "அவன்தான். அப்புறம் லீவு கிடைக்காதாம்" என்றார்.

போதும், இனிக் கேட்காதே. நீ பார்க்க வந்தது தூணை, பையனை இல்லை. ஒருவேளை அவனுக்கு ஒன்றும் தெரியாது, சுவரில் ஓதம் பார்த்தான், அம்மா வீடு அசிங்கமாக இருக்கக் கூடாது என்று பூசினான், அதோடு சரி. ஒருவேளை எல்லாம் தெரியும், தெரிந்துதான் ஒன்பது படி. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், ஒருவன் அம்மாவை நிஜமாகவே கூட்டிப் போக ஆசைப்படலாம், அதே வாரத்தில் தூணையும் மறைக்கலாம், ஒரே கைதான் போல்ட்டு முடுக்குகிறது. நானும் அப்படித்தானே, அந்த இளநீர் மனுஷன் மனசு நோகக் கூடாது என்று நினைத்ததும் நான்தான், அமுதவல்லியின் கை போனதும் என்னால்தான். என் வீட்டில் பெண் பதினேழு வயசு, கதவைச் சாத்திக்கொண்டால் திறப்பதில்லை, நான் வெளியே நின்று சாப்பிட்டாயா என்று கேட்பேன், ஆச்சு என்பாள், அந்த ஒரு வார்த்தையை வைத்து நன்று என்று டிக் போட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிடுவேன், ஏன் அழுத குரல் என்று போன வாரம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்டால் திறந்துவிடுவாளோ என்கிற பயம். திறந்தால் பார்க்க வேண்டும், பார்த்தால் எழுத வேண்டும். இந்த அம்மாவிடம் நான் இப்போது சுவரைக் கேட்டால் போவது கொலு மட்டும் இல்லை. பதினொரு வருஷம் வராத பிள்ளை வந்தான் என்கிற இந்த ஒன்பது படியும் போகும். அவர் மிச்ச நாள் முழுக்க அவன் வீட்டில் அவன் போடும் சோற்றைச் சாப்பிட வேண்டியவர். கேட்காவிட்டால் அந்தப் பிள்ளைகள். இந்தப் பக்கம் ஒரு முகம், அந்தப் பக்கம் ஆறு வயசும் ஒன்பது வயசும். இதில் என்ன யோசனை வேண்டிக் கிடக்கிறது, பதில் தெரியும், தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறேன்.

போன் அடிக்கிறது. ஜெபராணி. எடுக்காமல் விடலாம், எடுத்துவிட்டேன். "சார், டூட்டி முடிஞ்சிது. பாத்துட்டீங்களா? எல்லாம் ஓகேதானே சார்? பிள்ளைங்க கட்டில் பாக்கணும்னு நிக்குதுங்க, இன்னிக்கே கடைக்குப் போயிடலாமான்னு." பின்னால் ஏதோ டிராலி உருளுகிற சத்தம், ஒரு குழந்தை சிரிக்கிறது, அவருடைய பிள்ளையா வார்டில் வேறு பிள்ளையா தெரியவில்லை. "இன்னும் முடியலம்மா. கட்டில் வாங்க வேண்டாம். நான் கூப்பிடறேன்." "எதாச்சும் இருக்கா சார்?" "ஒண்ணுமில்ல, கூப்பிடறேன்." வைத்துவிட்டேன். புனிதவதி அம்மாள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டார். "யாரு, அந்த நர்ஸ் பொண்ணா?" "ஆமாம்மா." "என்ன இருக்கு, தம்பி?" "ஒண்ணுமில்லம்மா." அவர் கிள்ளிய காம்பைக் கீழே போட்டார். "இருபத்தெட்டு வருஷம் காதுல ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருந்தேன். மூஞ்சி தெரியாது, குரல் மட்டும்தான். ஒண்ணுமில்லைங்கிற குரல் எனக்குத் தெரியும். போன மாசம் எம்பையன் பூனாவுலேர்ந்து பேசறப்பவும் இதே குரல்தான் கேட்டேன், நான்தான் லைன் சரியில்லன்னு நெனைச்சுக்கிட்டேன். சொல்லுங்க."

சொன்னேன். தொட்டியைச் சொன்னேன், விரிசலைச் சொன்னேன், துருவைச் சொன்னேன், அடி அளந்ததைச் சொன்னேன். பையனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. திருநின்றவூரையும் சொல்லிவிட்டேன், அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை, மனைவியிடம்கூடச் சொல்லாததை ஒரு தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த அம்மாவிடம் சொன்னேன். "திங்கக்கிழமை வரைக்கும் பதிவைத் தள்ளி வைக்கச் சொல்லலாம்மா, கொலு முடிஞ்சப்புறம் வந்து பாக்கறேன்" என்றேன், எனக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது. அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா புரியவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும் நான் இதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமா?" என்றார். எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஸ்டூலை இழுத்துப் போட்டு, நான் பிடிக்கப் போவதற்குள் ஏறிவிட்டார். மேல் படியில் இருந்த மரப்பாச்சி ராஜாவை இரண்டு கையாலும் எடுத்தார். பத்தாம் நாள் ராத்திரி ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள், அத்தோடு அந்த வருஷக் கொலு முடிந்தது என்று அர்த்தம். ஐந்தாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு, ஆரத்தி இல்லாமல், அவர் அதைப் படுக்க வைத்தார். தலை எந்தப் பக்கம் என்று ஒரு கணம் யோசித்துத் திருப்பி வைத்தார்.

இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "மேலேர்ந்து எடுங்க. அவன் வெச்ச வரிசை கலையாம கீழ வையுங்க." குரலில் எதுவும் இல்லை, எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்கிற குரல் இப்படித்தான் இருந்திருக்கும். "பாத்துட்டு எழுதிக்கோங்க. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம்." சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தொன்னையைத் தரையில் வைத்தேன். கலசம், ராணி, தசாவதாரம், கல்யாண செட், ஒவ்வொன்றாக இறக்கி வரிசையாக வைத்தேன், செட்டியாரை இறக்கும்போது அவருடைய அரிசி கொட்டியது, கூட்டி அள்ளி அவர் முன்னாலேயே குவித்தேன். போல்ட்டுகள் நன்றாக முடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் வாஷர் போட்டிருந்தான், அம்மா மேல் சாய்ந்துவிடக் கூடாது என்று நினைத்தவன் செய்கிற வேலை. படியை ஒரு முழம் முன்னால் இழுத்தேன். புது பெயிண்ட் வாசனை வந்தது. சுத்தியலை எடுத்துச் சுவரில் தட்டப் போனேன், நல்ல பூச்சு என்றால் கட்டியான சத்தம் வரும், பொய்ப் பூச்சு என்றால் பொள்ளென்று கேட்கும். முதல் தட்டு விழுந்ததும் சமையலறையில் மிக்சி ஓட ஆரம்பித்தது. ஜாரில் எதுவும் போடாத மிக்சி, முழு வேகத்தில், நிற்காமல் அலறியது. நான் தட்டியது எனக்கே கேட்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைச் சுவரில் அழுத்தினேன். பூச்சு சில்லென்று உள்ளே அமுங்கி, என் கை அகலத்துக்கு அப்படியே பெயர்ந்து கையோடு வந்தது.